உள்ளே என்ன போடுறீங்க?

பால்வினை நோய்ப் பிரிவில் ஆலோசகராக உட்காருகிறவர் கையில் ஒரு படிவம் இருக்கும். வயது என்ன, திருமணம் ஆகிவிட்டதா, எத்தனை பேரோடு உறவு, கடைசித் தடவை ஆணுறை போட்டார்களா, வெள்ளைப்படுகிறதா, புண் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டு எழுத வேண்டும். எல்லாம் தேவையான கேள்விகள். தொண்ணூறுகளின் கடைசியில் நாமக்கல், சங்ககிரி, சேலம் என்று லாரிகள் நிற்கிற ஊர்களில், பாலியல் தொழில் செய்யும் பெண்களோடு வேலை பார்க்கத் தொடங்கினேன். அப்போது படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைத் தனியாகச் சேர்த்துக்கொண்டேன். கழுவுவதற்கோ பூசுவதற்கோ உள்ளே ஏதாவது போடுகிறீர்களா? இதை நேராகக் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றுதான் பதில் வரும். "எல்லாரும் சுத்தத்துக்கு ஏதோ ஒண்ணு பண்ணத்தானே செய்யறாங்க, நீங்க என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டால் பேச்சு தொடங்கும். தொடங்கிவிட்டால் லேசில் நிற்காது.

அதிகம் கேள்விப்பட்டது டெட்டால். ஒரு மக்குத் தண்ணீரில் ஒரு மூடி ஊற்றுவார்கள், பயம் அதிகமாக இருக்கும் நாளில் இரண்டு மூடி. அடுத்தது குளிக்கிற சோப்பு, விரலில் நுரைத்து உள்ளே விட்டுக் கழுவுவது. சலூனில் முகச்சவரம் முடிந்ததும் தேய்ப்பார்களே, அந்தப் படிகாரக் கட்டியைத் தண்ணீரில் கரைத்துக் கழுவுவார்கள். சிலர் எலுமிச்சைச் சாறு. தண்ணீருக்கே வழியில்லாத இடத்தில், புதர் மறைவிலோ லாரி கேபினிலோ, பழைய துணியால் உள்ளே துடைத்துவிட்டு அடுத்த ஆளுக்குத் தயாராவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. வாடை வரக் கூடாது. முந்தின ஆளின் சுவடு இருக்கக் கூடாது. ஈரமாக இருந்தால் "தொளதொளன்னு இருக்கு" என்று சொல்லிக் காசைக் குறைக்கிற பார்ட்டிகள் உண்டு, அதற்காகப் படிகாரம். எல்லாவற்றுக்கும் மேலே, நோய் வரக் கூடாது என்ற பயம். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களிடம் எடுத்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்தது. அதிலிருந்து அந்த நோயின் பெயரைச் சொல்லி முதலில் விரட்டப்பட்டவர்கள் இந்தப் பெண்கள். தங்களைக் காப்பாற்றிக்கொள்ளக் கைக்கு எட்டியதை எடுத்தார்கள்.

சங்ககிரிப் பக்கத்து அக்கா ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், ஒருநாள் சொன்னதை நான் பயிற்சி வகுப்புகளில் இன்றும் சொல்கிறேன். "டெட்டால் ஊத்திக் கழுவுனா எரியுதுங்க சிஸ்டர். எரிஞ்சாத்தானுங்க கிருமி சாகும்?" அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. எரிச்சல்தான் மருந்து வேலை செய்வதற்கு அடையாளம். காயத்தில் அயோடின் வைத்தால் எரிகிறது, கண்ணில் சொட்டு மருந்து விட்டால் எரிகிறது, அப்புறம் சரியாகிறது. வாழ்நாள் முழுக்கக் கண்ட அனுபவம் அது. அவரிடம் போய் "தப்பு" என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிட்டு வர முடியாது.

அதனால் அன்று டாக்டரம்மா பரிசோதிக்கும்போது, அந்த அக்காவின் சம்மதத்தோடு, பி.எச். தாள் நிறம் மாறுவதை அவரையே பார்க்க வைத்தோம். ஸ்பெகுலம் வைத்து யோனியின் பக்கச் சுவரில் தாளை ஒற்றி எடுக்க வேண்டும். கருப்பை வாயில் படக் கூடாது, அங்கே சுரக்கும் சளி கணக்கை மாற்றிவிடும். ஆரோக்கியமாக இருந்தால் 3.8 முதல் 4.5க்குள், நல்ல புளிப்பு. தாள் மஞ்சளாகவே இருக்கும். அக்காவுடையது பச்சைக்குத் திரும்பியது. பிறகு கண்ணாடித் தகட்டில் எடுத்த திரவத்தின் மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டதும் மீன் வாடை கிளம்பியது. எந்த வாடை வரக் கூடாது என்று கழுவினாரோ, அதே வாடை. "உள்ளே நல்ல பாக்டீரியா இருக்குதுக்கா. அதுதான் புளிப்பைச் சுரந்து மத்த கிருமிய அண்ட விடாம வச்சிருக்கு. டெட்டால் அதையும் சேர்த்துக் கொன்னுருது. அது செத்த இடத்துல வேற கிருமி வந்து குடியேறுது, அதுதான் இந்த வாடை" என்று சொன்னேன். அவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணால் கண்டது காதில் விழாத வார்த்தையையும் உள்ளே கொண்டுபோகும்.

அந்தப் பாக்டீரியாவின் பெயர் லாக்டோபேசில்லஸ். அது சுரக்கும் லாக்டிக் அமிலத்தில் எச்.ஐ.வி. நெடுநேரம் தாக்குப்பிடிக்காது. அந்தப் பாக்டீரியா போய்விட்டால் புளிப்பும் போய், சவ்வில் அழற்சி வரும். அழற்சி வந்த இடத்துக்கு உடம்பு தன் பாதுகாப்பு அணுக்களை அனுப்பும். எச்.ஐ.வி. தொற்றிக்கொள்வது அந்தச் சி.டி.4 அணுக்களைத்தான். காவலுக்கு வந்தவர்களையே பிடித்துக்கொள்கிற வைரஸ் அது. ஆகவே புண் வெளியே தெரிய வேண்டும் என்பதே இல்லை, லேசாகச் சிவந்திருந்தாலே போதும். ஆப்பிரிக்காவில் நடந்த 13 ஆய்வுகளின் விவரங்களை, மொத்தம் 14,874 பெண்களுடையதை, ஒன்றுசேர்த்து 2011இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். உள்ளே சோப்பு போட்டுக் கழுவியவர்களுக்குத் தொற்று அபாயம் சுமார் கால் பங்கு கூடுதல். துணியோ காகிதமோ வைத்துத் துடைத்தவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. லாரி கேபினில் பழைய துணியோடு நின்ற பெண்கள்தான் அதைப் படித்தபோது என் கண்முன் வந்தார்கள்.

எரிந்தால்தான் கிருமி சாகும் என்ற அந்த அக்காவின் எண்ணம் அவருடையது மட்டுமாக இருக்கவில்லை. உலகின் பெரிய ஆய்வகங்களும் ஏறக்குறைய அதே வழியில்தான் யோசித்தன.

நோனாக்சினால்-9 என்று ஒரு வேதிப்பொருள். விந்தணுவைக் கொல்வதால் கருத்தடை ஜெல்லிலும், நுரையிலும், உள்ளே வைக்கும் மாத்திரையிலும் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவந்தார்கள். நம் ஊர் மெடிக்கல்களிலும் அந்த உள் மாத்திரை சீட்டில்லாமல் கிடைத்தது. 1985இல் ஆய்வகக் குழாயில் வைத்துப் பார்த்தபோது அது எய்ட்ஸ் வைரஸையும் செயலிழக்கச் செய்தது தெரிந்தது. எத்தனை பெரிய நம்பிக்கை அது! ஆணுறை போடுவதும் போடாததும் ஆணின் கையில் இருக்கிறது. பெண் தன் கையில் வைத்துக்கொள்ள, அவனுக்குத் தெரியாமலும் பயன்படுத்த, ஏதாவது ஒன்று வேண்டும் என்று ஜீனா ஸ்டைன் என்ற தொற்றுநோயியல் அறிஞர் 1990இல் எழுதினார். அவர் கேட்டது நியாயம். எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையத்தில் என் முன்னால் உட்கார்ந்து அழுத மனைவிமார் பலருக்கு நோய் வந்தது கட்டின கணவரிடமிருந்துதான். "நிரோத் போடுங்கன்னு சொன்னா, யார்கிட்டப் போய்க் கத்துக்கிட்டு வந்தேன்னு அடிக்கிறாருங்க" என்ற பெண்ணிடம் என்ன கொடுத்து அனுப்புவது? அவள் கையில் கொடுக்க ஒரு ஜெல் இருந்தால் என்று நானும் ஏங்கியிருக்கிறேன்.

ஆனால் நோனாக்சினால்-9 ஒரு சோப்பு வகை. கொழுப்பைக் கரைத்துத்தான் அது கொல்கிறது. எச்.ஐ.வி.யின் மேலுறை கொழுப்பாலானது, அதைக் கரைத்தால் வைரஸ் அழியும், சரி. அந்த மேலுறை எங்கிருந்து வந்தது? வைரஸ் ஒரு மனித அணுவுக்குள் பெருகி வெளியே வரும்போது அந்த அணுவின் சவ்விலிருந்தே பிய்த்துப் போர்த்திக்கொண்டு வருகிறது. வைரஸின் போர்வையும் நம் அணுவின் தோலும் ஒரே பொருளால் ஆனவை. ஒன்றைக் கரைப்பது இன்னொன்றை விட்டுவைக்குமா?

விடையைச் சொன்னவர்கள் பெனின், ஐவரி கோஸ்ட், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து நாடுகளின் பாலியல் தொழிலாளர்கள். லுட் வான் டாம் என்ற பெல்ஜிய மருத்துவர் நடத்திய அந்த ஆய்வில் பாதிப் பேருக்கு நோனாக்சினால்-9 சேர்ந்த ஜெல், மீதிப் பேருக்கு அது சேராத ஜெல். யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் ஆணுறையும் ஆலோசனையும் உண்டு. 2000 ஜூலையில் டர்பன் நகரில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டில் முடிவைச் சொன்னார்கள். 2002இல் வெளியான முழுக் கணக்கின்படி, மருந்து சேர்ந்த ஜெல் போட்டவர்களில் 59 பேருக்குத் தொற்று, மற்றவர்களில் 45 பேருக்கு. ஒன்றரை மடங்கு அபாயம். ஒரு நாளைக்குச் சராசரியாக மூன்றரை தடவைக்கு மேல் போட்டவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. குறைவாகப் போட்டவர்களிடம் அந்த அளவு கேடு தெரியவில்லை. அதாவது, யாருக்குப் பாதுகாப்பு மிக அதிகமாகத் தேவைப்பட்டதோ, யார் அதை நம்பி மிக ஒழுங்காகப் போட்டார்களோ, அவர்களுக்கே கேடும் அதிகம்.

அந்த எண்களை நான் சும்மா கடந்துபோக முடியாது. என் பகுதிப் பெண்கள் ஒரே இரவில் ஐந்தாறு பேரைப் பார்ப்பவர்கள். அவர்கள் போகிற மெடிக்கலில் அந்த மாத்திரை இருந்தது. கருத்தடைக்கு என்று வாங்கினாலும், "கிருமிநாசினி, எல்லாத்துக்கும் நல்லது" என்று ஒருவர் காதை ஒருவர் கடித்து அது பரவியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2001இல் நிபுணர்களைக் கூட்டிப் பேசி, எச்.ஐ.வி. அபாயம் அதிகமுள்ள பெண்கள் இதைப் பயன்படுத்தக் கூடாது, நோனாக்சினால்-9 பூசிய ஆணுறைகளை இனிப் பரிந்துரைக்கக் கூடாது என்று அறிவித்தது. ஆசனவாயில் அறவே கூடாது. அங்கே மேற்பரப்பு ஒரே அடுக்கு அணுக்களால் ஆனது. இந்தப் பொருள் பட்ட கால் மணி நேரத்துக்குள் அந்த அடுக்கு தகடு தகடாக உரிந்து வருவதை ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். எங்கள் சக கல்வியாளர் பெண்கள், அதாவது அதே தொழிலில் இருந்துகொண்டே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள், மெடிக்கல் மெடிக்கலாகப் போய் ஆணுறை அட்டைகளைத் திருப்பி அந்தப் பெயரைத் தேடினார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்கள் எழுத்தின் வடிவத்தையும் கடைசியில் வரும் 9 என்ற எண்ணையும் மனதில் வாங்கிக்கொண்டு போனார்கள். சட்டம் செய்யாத வேலையைச் செய்தவர்கள் அவர்கள்.

அடுத்த அடி நமக்குப் பக்கத்திலேயே விழுந்தது. செல்லுலோஸ் சல்ஃபேட் என்ற ஜெல். பருத்தியிலும் மரத்திலும் உள்ள செல்லுலோஸிலிருந்து செய்தது, சோப்பு வகை இல்லை, எதையும் கரைக்காது. வைரஸ் அணுவோடு ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும் என்பது எதிர்பார்ப்பு. சிறிய பாதுகாப்பு ஆய்வுகளில் எரிச்சலோ புண்ணோ பெரிதாக இல்லை. ஆப்பிரிக்காவில் மூன்று இடங்களிலும் இந்தியாவில் சென்னை, பாகல்கோட் என இரண்டு இடங்களிலும் 1,398 பெண்கள் சேர்ந்தார்கள். 2007 ஜனவரி கடைசியில், சுயேச்சையான கண்காணிப்புக் குழு இடைக்காலக் கணக்கைப் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னது. முடிவில் எண்ணிப் பார்த்தபோது மருந்து ஜெல் போட்டவர்களில் 25 பேர், வெறும் ஜெல் போட்டவர்களில் 16 பேர் தொற்றுக்கு ஆளாகியிருந்தார்கள். புள்ளியியல்படி அது உறுதியான வேறுபாடு இல்லை என்பார்கள். நைஜீரியாவில் நடந்த இன்னோர் ஆய்வில் கேடு தெரியவில்லை. இருந்தும் நிறுத்தியதுதான் சரி. சந்தேகத்தின் பலனை மருந்துக்குக் கொடுக்கக் கூடாது, பெண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் கழித்து ஆய்வகத்தில் விளக்கம் கிடைத்தது. சவ்வின் அணுக்களை ஒன்றோடு ஒன்று இறுகப் பிணைத்திருக்கும் இணைப்புகளை அந்த ஜெல் தளர்த்திவிடுகிறது. எரிச்சல் இல்லை, சிவப்பு இல்லை, இருந்தும் கதவு திறந்துவிடுகிறது.

எரிச்சலை வைத்துப் பெண்களை எச்சரித்துவந்த எனக்கு அந்தச் செய்தி பெரிய பாடம். அதற்குப் பிறகு "எரியலைன்னா பரவாயில்லையா சிஸ்டர்?" என்று கேட்டவர்களிடம், எரியாததும் சேதம் செய்யலாம் என்று சொல்லத் தொடங்கினேன்.

களத்தில் அந்த வாரங்கள் கடினமானவை. பத்திரிகைச் செய்தி எங்கள் பெண்களிடம் வந்து சேரும்போது "ஜெல் போட்டா எய்ட்ஸ் வருதாம்" என்று சுருங்கியிருந்தது. ஆணுறையோடு பயன்படுத்த நாங்கள் சொல்லிவந்த சாதாரண மசகு ஜெல்லையும் தூக்கிப்போட்டார்கள். "எங்க மேல சோதனை பண்றீங்களா?" என்று ஒரு பெண் முகத்துக்கு நேரே கேட்டாள். கேட்க அவளுக்கு உரிமை உண்டு. அந்த ஆய்வில் இருந்தவர்கள் படிவத்தைப் படிக்கக் கேட்டு, தெரிந்து, கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவர்கள் என்பதையும், அவர்களுடைய கணக்கைத் தொடர்ந்து பார்த்ததால்தான் நிறுத்த முடிந்தது என்பதையும், நாங்கள் கொடுப்பது வேறு பொருள் என்பதையும் திரும்பத் திரும்பச் சொன்னேன். பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் தேங்காய் எண்ணெய்க்குத் திரும்பினார்கள்.

தேங்காய் எண்ணெய் தனிக் கதை. வறட்சியோடு உறவு கொண்டால் ஆணுறையும் கிழியும், சவ்வும் கிழியும். வழுவழுப்புக்கு ஏதாவது வேண்டும் என்பதைப் பெண்களைவிடத் தெளிவாகத் தெரிந்துவைத்திருந்தவர்கள் திருநங்கைகளும், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களும். பின்வழியில் இயற்கையான ஈரம் சுரப்பதில்லை. எச்சில் உடனே காய்ந்துவிடும். ஆகவே எண்ணெய், வாசலின், தலைக்குத் தடவும் கிரீம். ஆணுறையோடு மசகு ஜெல் பாக்கெட்டும் சேர்த்துத் தர வேண்டும் என்று வந்த பிறகும் பாக்கெட் தீர்ந்துபோய் மாதக்கணக்கில் வராமல் இருந்த காலங்கள் உண்டு. பெட்டி பெட்டியாக நிரோத் இருக்கும், ஜெல் இருக்காது. கேட்டால் "ஸ்டாக் வரல" என்ற பதில் மட்டும். ஜெல் இல்லாத ஆணுறையைக் கொடுப்பது எண்ணெயைத் தேடிப் போ என்று சொல்வதற்குச் சமம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எண்ணெய் ஏன் கூடாது என்று நாங்கள் பேசிப் புரியவைத்ததில்லை, செய்து காட்டினோம். எங்கள் மையத்தில் வாரக் கூட்டத்துக்கு வருபவர்கள் நடுவில் ஒருவர் இரண்டு நிரோத்தை வாயால் ஊதிக் கட்டுவார். ஒன்றின் மேல் ஜெல்லையும் இன்னொன்றின் மேல் தேங்காய் எண்ணெயையும் விரலால் மெல்லத் தேய்க்கச் சொல்வோம். ஜெல் தேய்த்தது அப்படியே இருக்கும். எண்ணெய் தேய்த்தது கொஞ்ச நேரத்தில் மங்கி, மெலிந்து, தேய்க்கும் விரலடியிலேயே படாரென்று வெடிக்கும். கூட்டமே ஒரு துள்ளு துள்ளும். லேடெக்ஸ் ரப்பரின் பலம் கனிம எண்ணெய் பட்ட ஒரே நிமிடத்தில் 90 சதவீதம் வரை குறைகிறது என்று 1989லேயே அளந்து சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த எண்ணால் ஆகாத காரியத்தை அந்தச் சத்தம் செய்தது. ஈரோட்டிலிருந்து வந்த ஒரு திருநங்கை அக்கா, "இத்தனை வருசமா ரெண்டையும் சேர்த்துல்ல போட்டுக்கிட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டு, தன்னோடு வந்த மகள்கள் ஒவ்வொருவர் பையிலும் இருந்த எண்ணெய்ப் பாட்டிலை வாங்கி மேசைமேல் வைத்தார். அதன்பின் கூவாகம் திருவிழாவுக்குப் போகும்போது ஜெல் பாக்கெட்டுகளைக் கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டு போனவரும் அவர்தான்.

ஒரு ஜெல்லி மட்டும் ஜெல் என்ற பெயரிலேயே ஏமாற்றியது. லிக்னோகெய்ன் ஜெல்லி, மருத்துவமனையில் சிறுநீர்க் குழாய் போடும்போது தடவும் மரத்துப்போகும் மருந்து. வலி தெரியாது என்று சில பேர் மெடிக்கலில் வாங்கிவந்தார்கள். ஆணுறையை அது கெடுக்காது. ஆனால் வலி என்பது கிழிகிறது, நிறுத்து என்று உடம்பு சொல்கிற செய்தி. அந்தச் செய்தியை அணைத்துவிட்டால் ரத்தம் வந்த பிறகுதான் தெரியும்.

சரி, எண்ணெய் வேண்டாம், மரத்துப்போவது வேண்டாம், தண்ணீர் அடிப்படையிலான ஜெல் போதும் என்று நிம்மதியாக இருக்க முடிந்ததா? அதிலும் பார்க்க வேண்டியது இருந்தது. கடையில் விற்கும் பல ஜெல்களில் வழுவழுப்புக்கும் காயாமல் இருப்பதற்கும் கிளிசரினும் புரோப்பிலீன் கிளைகாலும் நிறையச் சேர்க்கிறார்கள். மாங்காய்க் கீற்றில் உப்பைத் தூவி வைத்தால் தண்ணீர் விட்டுச் சுருங்குமே, அதேபோல் கரைபொருள் செறிந்த ஜெல் பட்டதும் சவ்வின் அணுக்கள் தம் நீரை இழந்து சுருங்கி உதிர்கின்றன. இந்தச் செறிவை ஆஸ்மோலாலிட்டி என்ற அளவால் சொல்வார்கள். நம் ரத்தத்துக்கு அது 290 வாக்கில், யோனித் திரவத்துக்கு 370 வாக்கில். கடை ஜெல்கள் சிலவற்றை அளந்தபோது 2,000, 5,000 என்று வந்தது. சூடேற்றும் உணர்வு தருவதாகச் சொல்பவை இன்னும் மேலே. 2012இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் சேர்ந்து ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டன. 380க்குள் இருப்பது நல்லது. அது கிடைக்காத நிலையில் தற்காலிகமாக 1,200 வரை ஏற்கலாம். யோனிக்கென்றால் பி.எச். 4.5 அளவிலும், ஆசனவாய்க்கென்றால் 5.5 முதல் 7 வரையும் இருக்க வேண்டும். பாலிகுவாட்டர்னியம் வகைப் பொருட்களைத் தவிர்க்க வேண்டும், அவற்றில் ஒன்று எச்.ஐ.வி. பெருக உதவுவதாக ஆய்வகத்தில் தெரிந்திருந்தது. குளோர்ஹெக்சிடின் சேர்ந்த ஜெல்லி லாக்டோபேசில்லஸைக் கொல்வதும் அதே காலத்து ஆய்வில் தெரிந்தது. டெட்டால் செய்த வேலையை நாகரிகமான ட்யூபுக்குள் இருந்தும் ஒன்று செய்ய முடியும்.

இதனால் மசகு ஜெல் போட்டவர்களுக்கு எச்.ஐ.வி. கூடுதலாக வருகிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. அதைப் பெண்களிடமும் திருநங்கைகளிடமும் தெளிவாகச் சொல்லிவிடுவேன். கடுமையான ஜெல்லோடு போட்ட ஆணுறை, எதுவுமில்லாமல் கிழிந்த ஆணுறையைவிடப் பல மடங்கு மேல். இருப்பதில் நல்லதைத் தேர்ந்துகொள்ளத்தான் இந்தக் கணக்கெல்லாம். சிலிகோன் ஜெல்லில் தண்ணீரே இல்லாததால் இந்தத் தொல்லை கிடையாது, லேடெக்ஸையும் கெடுக்காது. விலைதான் எங்கள் மக்களுக்கு எட்டாது.

ஆய்வாளர்களுக்கும் இது எளிதாக இருந்ததில்லை. மருந்து ஜெல்லோடு ஒப்பிட, எதையும் செய்யாத ஒரு ஜெல் வேண்டும் என்று தேடி, ஹைட்ராக்சிஎத்தில்செல்லுலோஸை வைத்து ஒன்றை உருவாக்கினார்கள். புளிப்பு 4.4, உடம்புக்கு ஒத்த உப்பு, அமிலத்தைத் தாங்கும் சக்தி இல்லை, சவ்வைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். நன்மையும் செய்யாமல் தீமையும் செய்யாமல் இருக்கிற ஒன்றைச் செய்வதற்கே அத்தனை உழைப்பு.

பிறகு நல்ல செய்தியும் வந்தது. 2010இல் தென்னாப்பிரிக்காவில் குவாரைஷா, சலீம் அப்துல் கரீம் தம்பதியர் நடத்திய ஆய்வில் டெனோஃபோவிர் என்ற மருந்து சேர்ந்த ஜெல் தொற்றை 39 சதவீதம் குறைத்தது. பின்னால் நடந்த பெரிய ஆய்வுகளில் அது நிலைக்கவில்லை, முக்கியமாக ஜெல்லை ஒழுங்காகப் போட முடியாததால். ஆனால் 2017இல் அந்த முதல் ஆய்வின் மாதிரிகளைத் திரும்ப அலசியவர்கள் கண்டது என்னை உலுக்கியது. லாக்டோபேசில்லஸ் மிகுந்த பெண்களுக்கு ஜெல் 61 சதவீதம் பாதுகாப்புத் தந்திருக்கிறது, மற்றவர்களுக்கு 18 சதவீதம்தான். அந்த மற்றவர்களிடம் குடியேறிய கார்ட்னெரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் மருந்தையே தின்றுவிடுகின்றன. டெட்டாலைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. என் மனதில் ஓடியது பச்சைக்குத் திரும்பிய அந்தத் தாள்தான். நல்ல பாக்டீரியாவைக் காப்பாற்றுங்கள் என்று நாங்கள் சொன்னது சுத்தத்துக்கு மட்டும் என்றிருந்தோம், மருந்து வேலை செய்வதற்கும் அது வேண்டியிருந்திருக்கிறது. டாபிவிரின் மருந்து ஊறிய சிலிகோன் வளையத்துக்கு 2021 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை தந்தது. மாதம் ஒருமுறை உள்ளே வைத்தால் போதும். 2016இல் வெளியான இரண்டு ஆய்வுகளில் அது தொற்றை 27, 31 சதவீதம் குறைத்தது. குறைவுதான், ஆனாலும் ஜீனா ஸ்டைன் கேட்டது போன்ற ஒன்று பெண்ணின் கைக்கு வந்தது.

இப்போது என்னிடம் வருபவர்களில் குடும்பப் பெண்களும் நிறைய. போன மாதம் வந்த அம்மாவுக்கு மாதவிடாய் நின்று சில வருடங்கள் ஆகின்றன. கணவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, இவருக்கு இல்லை. அவர் கூட்டு மருந்தை விடாமல் சாப்பிடுகிறார், ரத்தத்தில் வைரஸ் கண்டறியும் அளவுக்குக் கீழே போய்விட்டது. அந்த நிலை நீடித்தால் உறவின் வழியே நோய் பரவாது என்பது உறுதியாகிவிட்டது. அதை நிறுவிய பெரிய ஆய்வு ஒன்றில் சென்னைத் தம்பதிகளும் பங்கேற்றிருக்கிறார்கள். அம்மாவின் பிரச்சினை வறட்சி. "ரொம்ப வலிக்குதுங்க. டாக்டர்கிட்டக் கேக்கக் கூச்சமா இருக்கு. பையன் மாதிரி ஒருத்தன் கடையில இருந்தான், எதையோ எடுத்துக் குடுத்தான்" என்று பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து மேசைமேல் வைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் படித்தேன். தண்ணீருக்கு அடுத்து கிளிசரின், அதற்கடுத்து புரோப்பிலீன் கிளைகால், வாசனை, நிறம். ஆஸ்மோலாலிட்டி எவ்வளவு? போடவில்லை. பி.எச்.? போடவில்லை. அதை வைத்துவிட்டு, கிளிசரின் இல்லாத, வாசனை சேராத ஒன்றின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன். பட்டாணி அளவு போதும், குளிர்ந்திருந்தால் உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் சூடு ஏற்றிக்கொள்ளலாம், ஆணுறை போடுவதானால் வெளிப்புறத்தில் தடவ வேண்டும், எரிந்தால் உடனே வெறும் தண்ணீரில் வெளியே மட்டும் கழுவிவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும் என்று சொன்னேன். வறட்சிக்கே ஹார்மோன் கிரீம் உண்டு, அதற்கு டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி நானே கூட்டிப்போய் உட்கார வைத்தேன்.

பிஸ்கட் பாக்கெட்டில் சர்க்கரை எத்தனை கிராம் என்று அச்சிடுகிறோம். உடம்பின் மிக மென்மையான இடத்துக்குள் போகும் பொருளின் மேல் அந்த இரண்டு எண்களை அச்சிடச் சொல்வது அதிகம் கேட்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆஸ்மோமீட்டர் உள்ள ஆய்வகத்தில் அதை அளப்பது சிறிய வேலை. தயாரிப்பவர்கள் அளந்து அட்டையில் போடட்டும். அரசு கொள்முதல் செய்யும் ஜெல்லுக்கு அந்த அளவைக் கட்டாயமாக்கட்டும். படிவம் அச்சிடுகிறவர்கள், "உள்ளே என்ன போடுகிறீர்கள்?" என்ற கேள்விக்கு ஒரு வரியும், அதற்குக் கீழே பதில் எழுத நான்கு வரி இடமும் விடட்டும்.